தலையில் அடிபட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது

விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை பிழைத்து வீடு திரும்புகிறது. நடக்கிறது, பேசுகிறது. முடி வளர்ந்ததும் தையல் போட்ட இடம்கூடத் தெரிவதில்லை. பல குடும்பங்களுக்கு உண்மையான சிரமம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

‘சின்ன வயசு, சீக்கிரம் தேறிவிடும்’ என்று உறவினர்கள் தைரியம் சொல்வார்கள். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. எலும்புக்கு அது பொருந்தும். மூளைக்கு முழுதாகப் பொருந்தாது. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, ஒரே வேலையில் கவனத்தை நிறுத்துவது ஆகியவற்றுக்கு முக்கியமான முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து வயதில் அங்கே அடிபட்டால், அந்தத் திறன்கள் அதிகம் தேவைப்படாத வயது என்பதால் குறை தெரியாமல் போகலாம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர் வந்து, வீட்டுப்பாடத்தைத் தானே ஒழுங்குசெய்ய வேண்டிவரும்போது அது வெளிப்படும். அதற்குள் விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்குச் சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் வந்திருக்கும். அந்தப் பெயர் செய்யும் கேடு காயத்தின் கேட்டுக்குக் குறைந்ததல்ல.

விபத்துக்கு முன் படித்தது பெரும்பாலும் நினைவில் தங்கியிருக்கும். புதிதாகக் கற்பதில்தான் தடுமாற்றம். அதனால் முதல் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. சோர்வும் அப்படித்தான்: காலையில் தெளிவாக இருக்கும் பிள்ளை மதியத்துக்குமேல் எதையும் வாங்கிக்கொள்ளாது. முதலில் அரைநாள் பள்ளி, முன்வரிசை இடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, எழுத கூடுதல் நேரம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, ஆசிரியருக்கு விவரம் தெரிந்தால் போதும். லேசான அதிர்ச்சிக் காயம் என்றாலும் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு மெல்ல மெல்லப் படிப்பு, விளையாட்டு கடைசியில்தான். முதல் காயம் ஆறுமுன் மறுபடி அடிபடுவது ஆபத்து.

இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் மருத்துவமனையில் தொடங்கினாலும் வீட்டில்தான் நிலைக்கும். அட்டவணையைப் பார்த்துத் தானே புத்தகப்பை அடுக்குவதும் ஒரு பயிற்சியே. அம்மா அடுக்கிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், பிள்ளை கற்காது. கூடப்பிறந்தவர்களிடமும் நடந்ததை விளக்கிச் சொல்ல வேண்டும். வீட்டின் கவனமெல்லாம் ஒருவர்மேல் குவியும்போது அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கும் அதே அக்கறை வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் மூளைக்காயத்துக்குத் தனி இடமில்லை. காயத்தால் விளைந்த குறைபாட்டை வைத்தே சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளையின் தேவைக்கேற்ப வசதி செய்ய வேண்டும் என்பதை அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் அதைச் சுட்டிக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் அறிக்கையையும் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்பாசிரியரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், அடிபட்டு எட்டு வருடம் ஆகியிருந்தாலும்.