வங்கிப் பணி மாற்றமும் ஊதியமும்

வங்கிப் பணி மாற்றம் என்பது ஒரு வங்கியில் பணிபுரிபவர் அங்கிருந்து விலகி வேறொரு வங்கியில் சேர்வதாகும். இவ்வாறு மாறினால் ஊதியம் கூடுமா என்பதற்கு இந்தியாவில் ஒரே விடை இல்லை. விலகும் வங்கியிலும் சேரும் வங்கியிலும் ஊதியம் எந்த முறையில் முடிவாகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பொதுத்துறை வங்கிகள்

பொதுத்துறை வங்கிகளில் ஊதியத்தை ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே முடிவு செய்வதில்லை. இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தமே அதை வரையறுக்கிறது. இத்தகைய முதல் ஒப்பந்தம் 1966-இல் ஏற்பட்டது. 12ஆவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தானது. அதே நாளில் அதிகாரிகளுக்கான கூட்டுக் குறிப்பும் கையெழுத்தானது. 17 விழுக்காடு உயர்வு 2022 நவம்பர் 1 முதல் கணக்கிடப்பட்டது. இதன்படி எழுத்தரின் தொடக்க அடிப்படை ஊதியம் 24,050 ரூபாய். முதல்நிலை அதிகாரிக்கு 48,480 ரூபாய். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி என எதில் சேர்ந்தாலும் இதே அளவுதான்.

முதல்நிலை அதிகாரிக்குத் தொடக்கத்தில் ஆண்டு உயர்வு 2,000 ரூபாய். ஐந்து ஆண்டு பணியாற்றியவரின் அடிப்படை ஊதியம் 58,480 ஆகியிருக்கும். அவர் மீண்டும் தேர்வெழுதி மற்றொரு பொதுத்துறை வங்கியில் அதே பதவியில் சேர்ந்து, அங்கு ஊதியப் பாதுகாப்பு கிடைக்காவிட்டால், 48,480-இலிருந்து தொடங்க வேண்டும். மாதம் 10,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் குறையும், பணிமூப்பும் போகும். எழுத்தர் ஒருவர் அதிகாரித் தேர்வில் வென்றால் உண்மையான உயர்வு உண்டு. அது வங்கி மாறியதால் வருவதன்று, பதவி மாறியதால் வருவது. பாரத ஸ்டேட் வங்கி ஒரு விதிவிலக்கு. அங்கு புதிய அதிகாரிகளுக்கு நான்கு முன்கூட்டிய ஊதிய உயர்வுகள் தரப்படுகின்றன.

தனியார் வங்கிகள்

புதிய தலைமுறைத் தனியார் வங்கிகளில் ஊதியம் பெரும்பாலும் தனிநபர் பேச்சுவார்த்தையால் முடிவாகிறது. எனவே மாறும்போது உயர்வு கேட்டுப் பெற இடமுண்டு. தேர்ந்தெடுத்த தனியார் வங்கிகளிலும் சிறுநிதி வங்கிகளிலும் சராசரியாக ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் பணியை விட்டு விலகுவதாக 2023–24 ஆண்டுக்கான ரிசர்வ் வங்கி அறிக்கை குறிப்பிட்டது.

ஆனால் பணி ஆணையில் காணும் மொத்தத் தொகை கைக்கு வரும் தொகையன்று. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு, இலக்கை எட்டினால் தரும் ஊக்கத்தொகை ஆகியவை அதில் அடங்கியிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஜெயமங்கலத்தில் சொந்த வீட்டிலிருந்து தேனிக் கிளைக்குச் சென்று வரும் ஒருவர் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நிலையான ஊதியம் பெறுவதாகக் கொள்வோம். சென்னையில் வேறொரு வங்கி 7.5 லட்சம் தர முன்வருகிறது. அதில் 1 லட்சம் இலக்கு சார்ந்தது என்றால் உறுதியான தொகை 6.5 லட்சமே. மாத வாடகை 10,000 என்றால் ஆண்டுக்கு 1.2 லட்சம் போகும். மிஞ்சுவது 5.3 லட்சம், அதாவது முன்னைவிட 70,000 குறைவு. ஊக்கத்தொகை முழுவதும் கிடைத்தாலும் 30,000 மட்டுமே கூடுதல்.

வங்கியே மாறும்போது

பணியாளர் விலகாமலே முதலாளி மாறுவதும் உண்டு. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. இணைப்புத் திட்டப்படி ஊழியர்கள் அதே ஊதியத்திலும் அதே பணி நிபந்தனைகளிலும் தொடர்ந்தனர்.

முடிவெடுக்கும் முன்

• உறுதியான மாத ஊதியம் எவ்வளவு, இலக்கு சார்ந்தது எவ்வளவு எனப் பிரித்துக் கேட்க வேண்டும்.
• பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் பணி முடித்தால்தான் பணிக்கொடை கிடைக்கும். நான்காம் ஆண்டில் விலகுபவர் அதை இழக்கக்கூடும்.
• 2010 ஏப்ரல் 1 முதல் பொதுத்துறை வங்கிகளில் சேர்ந்தோரின் தேசிய ஓய்வூதியக் கணக்கு அவர்களுடனேயே செல்லும்.
• ஊதியப் பாதுகாப்பு உண்டா என்பதைச் சேரும் வங்கியிடம் எழுத்தில் பெற வேண்டும்.
• ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளில் தேறினால், இருக்கும் வங்கியிலேயே கூடுதல் ஊதிய உயர்வு கிடைக்க வழியுண்டு.