தசைக்கு எவ்வளவு பளு போதும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அறுவை முடிந்த வீரர்கள் பலர் இருந்தார்கள். காயம் ஆறியும் தொடை சூம்பிப்போய், நடை தேறாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். இலேசான அசைவுப் பயிற்சிதான் அன்றைய வழக்கம். தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் துணிந்து அவர்களைக் கனமான பளுவைத் தூக்க வைத்தார். பலம் கூடக்கூடப் பளுவையும் கூட்டினார். 1945இல் இந்த முறையை வெளியிட்டபோது, ஒரு பயிற்சிக்கு 70 முதல் 100 தடவை தூக்க வேண்டும் என்றார். 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து எழுதும்போது, 20 முதல் 30 தடவையே போதும் என்று குறைத்துவிட்டார். பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பாதி, முக்கால், முழு எடை என்று மூன்று சுற்று. இன்றைக்கும் ஜிம்மில் மாஸ்டர் சொல்லும் ‘மூணு செட், பத்து ரெப்’ அந்தக் கணக்கோடு உறவுள்ளதுதான்.

பளுவைக் கூட்டிய அதே மருத்துவர் தடவைகளைக் குறைத்ததை நாம் கவனிக்க வேண்டும். தசை நாரில் விழும் இழுவிசைதான் வளர்ச்சியைத் தூண்டுகிறது. வளர்ச்சி நடப்பதோ பிறகு. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு நாள் வரை தசைக்குள் புரத உற்பத்தி வழக்கத்தைவிட அதிகமாக ஓடும். சாப்பாட்டில் புரதமும் இரவில் தூக்கமும் இருந்தால் நார் தடிக்கும். அதற்குள் அதே தசையை மறுபடி கசக்கினால் நடந்துகொண்டிருக்கும் வேலை கெடக்கூடும். புதிதாகத் தொடங்குபவருக்கு, ஒரு தசைக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி தாராளம்.

டம்பெல்லைக் கவனித்துப் பாருங்கள். மேலே தூக்கும்போது கையின் முன்தசை சுருங்குகிறது. மெல்ல இறக்கும்போது அதே தசை பாரத்தைப் பிடித்தபடியே நீள்கிறது. நார்கள் அதிகம் சேதப்படுவது இந்த இறக்கத்தில்தான். ஸ்குவாட் செய்த மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை பிடித்துக்கொள்வதும் இதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். வலியோ இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். வலித்தால்தான் தசை வளரும் என்பதும் பிழை. சில வாரங்களில் வலி குறைந்துவிடும், வளர்ச்சி நிற்காது.

எவ்வளவு கடினமாகச் செய்வது? கை தானாக வேகம் குறைந்து, இன்னும் ஒன்றிரண்டு தடவைதான் முடியும் என்று தெரியும் இடத்தில் செட்டை நிறுத்தலாம். ஒவ்வொரு செட்டிலும் கை விழும்வரை போவதால் களைப்புதான் கூடுகிறது. தசைக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் சொற்பம். எடையையும் தடவையையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். தொடர்ந்து சில பயிற்சிகளில் எண்ணிக்கை இறங்கி, தூக்கமும் கெட்டால் ஒரு வாரம் பளுவைக் குறைத்துவிடுங்கள். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் உறுதிப்படும் என்பதால், பலம் வந்த வேகத்திலேயே எடையை ஏற்றுவதும் ஆபத்து.

முதல் வாரத்திலேயே அளவுமீறிச் செய்து, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.