(2, 5) வேறு, (5, 2) வேறு... தெரியுமா?

மளிகைக் கடைக்காரர் உங்களுக்கு 20 ரூபாய் மீதி தர வேண்டும். கல்லாவில் 5 ரூபாய் நாணயமும் 2 ரூபாய் நாணயமும்தான் இருக்கின்றன. எத்தனை விதமாகத் தரலாம், சொல்லுங்கள் பார்ப்போம்? மூன்றே மூன்று விதம்தான்! 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை எக்ஸ், 2 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை ஒய் என்று வைத்தால் 5எக்ஸ் + 2ஒய் = 20. விடைகள்: (4, 0), (2, 5), (0, 10). அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பது எக்ஸ், அடுத்து நிற்பது ஒய். கணக்குப் புத்தகம் இதைத்தான் வரிசைச் சோடி என்கிறது.

அதென்ன ‘வரிசை’? (2, 5) என்பதை (5, 2) என்று மாற்றி எழுதிவிட்டால் கடைக்காரர் கையிலிருந்து 29 ரூபாய் போய்விடும். 9 ரூபாய் நட்டம்! இதுவாவது சில்லறை. சென்னை இருக்கும் இடத்தை முழு எண்களில் சொன்னால் வட அட்சம் 13 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80 பாகை, அதாவது (13, 80). இதைத் திருப்பி (80, 13) என்று எழுதிப் பாருங்கள். மெரினா மணலில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர் பனிக்கரடிகள் உலவும் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரையை ஒட்டி, ஆர்க்டிக் கடலில் மிதப்பார்! எண்கள் அதே எண்கள்தான். இடம் மாறிய பாவம்.

அரை நாணயம், கால் நாணயம், கடன் நாணயம் எல்லாம் உண்டு என்று வைத்துக்கொண்டால் அதே 5எக்ஸ் + 2ஒய் = 20க்கு எத்தனை விடை? முடிவே கிடையாது. (1, 7.5) சரி, (3, 2.5) சரி, (6, –5) கூடச் சரி. இவற்றையெல்லாம் வரைபடத்தாளில் புள்ளியாக வைத்தால், ஒன்றுகூட விலகாமல் அத்தனையும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்! ஆயிரம் முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்ப்பு அடங்குவதில்லை.

இன்னொன்று கேளுங்கள். 6எக்ஸ் + 4ஒய் = 15 என்று ஒரு கோடு. இரு பக்கமும் முடிவில்லாமல் நீள்கிறது. ஆனால் கட்டங்களின் மூலைகளில் ஒன்றையாவது தொடுமா என்றால், தொடாது! முழு எண்களைப் போட்டால் இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை, வலப்பக்கம் நிற்பதோ ஒற்றைப்படை. கோடிக்கணக்கான மூலைகளுக்கு நடுவே ஒன்றின் மேலும் படாமல் அந்தக் கோடு போய்க்கொண்டே இருக்கிறது.

சமன்பாட்டைக் கோடாகவும் வளைவாகவும் பார்க்கும் வழியை 1637இல் அச்சேற்றியவர் பிரான்ஸ் நாட்டின் ரெனே தெக்கார்த். தெரியாத எண்களுக்கு ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்துகளை வைத்த வழக்கமும் அவருடையதே. அவர் பிறந்த ஊரே இன்று தெக்கார்த் என்ற பெயரில் இருக்கிறது! அதே காலத்தில் துலூஸ் நகரத்து வழக்கறிஞர் ஃபெர்மாவும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அவருடைய எழுத்து அச்சுக்கு வந்தது அவர் இறந்த பிறகு, 1679இல்.

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்தியக் கணித மேதைகள் தெரியாத எண்களை எதைக் கொண்டு குறித்தார்கள் தெரியுமா? நிறங்களைக் கொண்டு! காலகம் என்றால் கருப்பு, நீலகம் என்றால் நீலம், பீதகம் என்றால் மஞ்சள். இந்த நிறக்கணக்கில் நம்மவர்கள் போன தூரம் கொஞ்சநஞ்சமல்ல. 628இல் பிரம்மகுப்தர் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு எண்ணின் வர்க்கத்தை 92ஆல் பெருக்கி 1 கூட்டினால் இன்னொரு வர்க்கம் வர வேண்டும். இதை ஓராண்டுக்குள் முடிப்பவரே கணிதர் என்றார். விடை (120, 1151).

92ஐ எடுத்துவிட்டு 61ஐ வையுங்கள். சின்ன எண்தானே என்று தோன்றும். மிகச் சிறிய விடையின் முதல் எண் 22,61,53,980. இரண்டாவது எண் 176,63,19,049! கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை. 1150இல் இரண்டாம் பாஸ்கரர், சக்கரவாளம் என்ற சுழல்முறையில் இதைக் கண்டு எழுதி வைத்தார். இதே 61ஐ ஃபெர்மா ஐரோப்பியக் கணிதர்களுக்குச் சவாலாக விட்டது 1657இல். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்! நம் பள்ளிப் புத்தகங்களில் இந்தச் சோடிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியே ஆக வேண்டும்.

சீனாவில் ஐந்தாம் நூற்றாண்டுக் கணக்கு ஒன்று: சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்றுக்கு 1 காசு. 100 காசுக்கு 100 பறவை வாங்கு! சேவல் எக்ஸ், பெட்டை ஒய் என்று வைத்து, குஞ்சுகளை நீக்கிச் சுருக்கினால் மிஞ்சுவது 7எக்ஸ் + 4ஒய் = 100. (4, 18), (8, 11), (12, 4) என மூன்று சோடிகள். சேவல் நான்கு கூடும்போதெல்லாம் பெட்டை ஏழு குறைவதைக் கவனித்தீர்களா? சேவலே வேண்டாம் என்றால் (0, 25) என்றும் ஒன்று உண்டு.

இப்போது 1914. அமெரிக்கரான நார்பர்ட் வீனர், 19 வயது இளைஞர், வரிசைச் சோடி என்பதைக் கணங்களை மட்டும் வைத்து வரையறுத்துக் காட்டிய ஆண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ‘ஸ்டிராண்ட்’ இதழில் ஒரு புதிர் வந்தது. தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டு எண் என்ன? கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் இதைத் தம் நண்பரிடம் வாசித்துக் காட்டினார். அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த அந்த நண்பர், கும்பகோணத்தில் வளர்ந்த நம் ராமானுஜன்! கிளறிய கையை நிறுத்தாமலே அவர் சொன்ன தொடர்பின்னம் (பின்னத்துக்குள் பின்னமாக நீளும் கோவை) இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் விடை தந்தது.

(6, 8): எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீடு, இருபுறமும் 15. அடுத்தது (35, 49). இதழ் கேட்டது (204, 288). இந்தப் புதிரைக் கொஞ்சம் திருகினால் கிடைப்பது, 92க்குப் பதில் 8 வைத்த அதே பிரம்மகுப்தர் சமன்பாடு!

(204, 288)க்கு அடுத்த சோடி (1189, 1681). ஒரு தாளும் பேனாவும் எடுத்து, இருபுறமும் கூட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.