மனந்திரும்புதலும் இறை இரக்கமும்: யட்டியாந்தோட்டையில் நின்று ஒரு நோக்கு

பாரதூரமான பாவம் புரிந்த ஒருவன் இறைவனின் மன்னிப்பைப் பெற முடியுமா என்ற வினாவுக்குக் கிறித்தவ சமயம் தரும் விடை ஐயத்திற்கு இடமற்றது. முடியும் என்பதே அவ்விடை. ஆயின், அம்மன்னிப்பு அப்பாவத்தினால் துன்புற்றவரை எந்நிலையில் வைக்கின்றது என்ற வினா அத்துணை எளிதானதன்று. கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்துள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் கிறித்தவர் சிறுபான்மையினரே. எனினும், தலைமுறை தலைமுறையாக அநீதிக்குள்ளான ஒரு மக்கட் கூட்டத்தின் பக்கம் நின்று நோக்கும்போது இரண்டாவது வினாவே முதன்மை பெறுகின்றது. அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'மெற்றனோயா' என்பது மனமாற்றத்தைக் குறிக்கும். எபிரேய மரபின் 'ஷுவ்' என்னும் சொல்லோ விட்டகன்ற வழிக்குத் திரும்பி வருதலைச் சுட்டும். சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் 'மனந்திரும்புதல்' என்ற தமிழ்ச்சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. கத்தோலிக்கர் வழங்கிய 'மனஸ்தாபம்' உள்ளத்தின் துயரை முதன்மைப்படுத்துவது. பாரதூரமான பொருளில், முழு அறிவுடனும் முழுச் சம்மதத்துடனும் செய்யப்படுவதே 'சாவான பாவம்' என்பது கத்தோலிக்கப் போதனை. அதனின்று மீள்வதற்கு மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் என்னும் மூன்றும் வேண்டும் என 1551 இல் திரெந்து சங்கம் வரையறுத்தது. அதற்கு முன்னரே, 1517 இல், பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்படுவதை எதிர்த்த மார்ட்டின் லூதர், விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாதல் வேண்டும் என வாதிட்டார். இரு சாராரும் முரண்பட்ட இடங்கள் பல. ஆயினும், இறை இரக்கம் விலைக்கு வாங்கப்படுவதன்று என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

விலையில்லாத இரக்கம் எனின், பரிகாரம் எதற்கு? லூக்கா நற்செய்தியிற் காணப்படும் சகேயுவின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. வரி வசூலித்துச் செல்வந்தனான அவன் வீட்டில் இயேசு தாமாகவே விருந்தினராகின்றார். அதன் பின்னரே அவன் தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு வழங்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வருகின்றான். இவ்வரிசை கவனிக்கத்தக்கது. இரக்கம் முந்துகின்றது, ஈடுசெய்தல் பிந்துகின்றது. ஈடுசெய்தல் மன்னிப்பின் விலையன்று. மன்னிப்பு உண்மையிலேயே ஏற்கப்பட்டது என்பதற்கான சான்று.

தோட்டப் புறங்களில் இப்போதனை எவ்வாறு சென்றடைந்தது? தோட்டத் துரைமாரின் ஆதரவுடன் 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பெற்றது. துரைமாரின் ஆதரவில் தங்கியிருந்த ஒரு பணி, குடி, சண்டை, களவு என்னும் தொழிலாளியின் பாவங்களைப் பேசுவது எளிது. குறைத்துக் கொடுத்த கூலியை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்குமாறு துரையிடம் கேட்பது அரிது. பாவம் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டுமே கருதப்படும்போது, அமைப்பாக நிலைபெற்ற பாவம் கண்ணுக்குத் தெரியாது போகின்றது. 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அத்தகைய செயலுக்கு எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மன்னிப்புக் கேட்பது?

இவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொண்டவர் கேகாலைப் பகுதியையும் உள்ளடக்கிய குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க ஆவார். 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர், செப்டெம்பரில் தம் மறைமாவட்ட மன்றத்துக்கு அவர் ஆற்றிய உரையில், பாதுகாப்பற்ற தமிழர் மீது சிங்களவர் நிகழ்த்திய வன்முறையை எக்காரணத்தாலும் நியாயப்படுத்த இயலாது எனவும், சிங்களவர் தம் வெட்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் எனவும் கூறினார். நாட்டின் நற்பெயர் கெட்டதற்காக வெட்கப்படுதல் போதாது, அது அறத்துக்கு மாறான குற்றம் என்பதற்காகவே வெட்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். தண்டனைக்கு அஞ்சிக் கொள்ளும் துயரையும் அன்பினாற் பிறக்கும் உத்தம மனஸ்தாபத்தையும் வேறுபடுத்தும் பழைய இறையியலை அவர் ஓர் இனத்தின் மனச்சாட்சிக்குப் பொருத்திக் காட்டினார் எனலாம். தாம் செய்யாத குற்றத்துக்காகத் தம் இனத்துடன் சேர்ந்து நின்று தலைகுனிந்த அவர், 1983 ஒக்டோபரிற் காலமானார்.

இது சமயவாதிகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவரும், பின்னர் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியுமான கலாநிதி என். எம். பெரேரா, 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் நிதி அமைச்சராக இருந்தார். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. முற்போக்காளர் 'சுயவிமர்சனம்' என வழங்குவதும் மனந்திரும்புதலும் இவ்விடத்தில் மிக நெருங்கி வருகின்றன. தவறு எங்கே நேர்ந்தது எனக் கண்டறிவது சுயவிமர்சனம். தவறிழைக்கப்பட்டவரின் முன்னிலையில் அதனை ஒப்புக்கொள்வதையும் மனந்திரும்புதல் வேண்டி நிற்கின்றது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. பறித்ததைத் திருப்பிக் கொடுத்த அளவில் அது ஈடுசெய்தலே. ஆயினும், பிரிந்த குடும்பங்களுக்கும் இழந்த அரை நூற்றாண்டுக்கும் அது விடையாகாது; காணியுரிமையும் நியாயமான கூலியும் இன்றும் கோரிக்கைகளாகவே உள்ளன.

இறைவனின் இரக்கத்துக்கு எல்லையில்லை என்பது கிறித்தவரின் நம்பிக்கை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பாவியைத் தன் பாவத்தோடு ஒன்றாக்கி ஒதுக்கிவிடாத அந்நம்பிக்கை இல்லையெனின், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் துணிவும் எவருக்கும் பிறவாது. ஆனால், இறைவன் மன்னித்துவிட்டான் என்று கூறித் துன்புற்றவனைக் கடந்து செல்வோர் இரக்கத்தை அறிந்தவரல்லர். சகேயுவின் வீட்டிற் புகுந்த இரக்கம், அவன் ஏமாற்றியவர்களின் வாசலுக்கே அவனை அனுப்பி வைத்தது. அவ்வாசல் இங்கே லயத்தின் வாசலாகும்.