பெயின்ட் டப்பாவுக்கு முன் ஆப்ஷன் தாள்

உட்லண்ட்சில் வீட்டை விற்பதென்று முடிவானதும் பல குடும்பங்கள் முதலில் வாங்குவது பெயின்ட் டப்பாதான். வேல்யுவேஷனுக்கு ஆள் வருவாராம். அதற்குள் சுவர் வெளுக்க வேண்டும், சமையலறை டைல்ஸ் பளபளக்க வேண்டும், சாமி அலமாரிக்கு மேல் படிந்த புகைக்கறை போக வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்களுக்காக இதையெல்லாம் செய்தால் பலன் உண்டு. மதிப்பீட்டுக்காக என்றால், பல வீடுகளுக்கு அந்த ஆள் வருவதே இல்லை.

2018 ஜனவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தன் மறுவிற்பனை இணையவாசலைத் திறந்தபோது நடைமுறை மாறியது. அதற்கு முன் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். இப்போது வீவகவே மதிப்பை முடிவு செய்கிறது. தேவைப்பட்டால் மட்டும் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. 16 வாரம் இழுத்த மறுவிற்பனை 8 வாரத்துக்குச் சுருங்கியதில் இந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே, வேகம் இப்போது தாளில் இருக்கிறது. அதுவும் விற்பவர் கையில் இல்லை, வாங்குபவர் கையில். மத்திய சேம நிதி (மசேநி) பணத்தையோ வீட்டுக் கடனையோ பயன்படுத்துகிறவர், விற்பவர் ஆப்ஷன் (வாங்கும் உரிமைப் பத்திரம்) கொடுத்ததற்கு அடுத்த வேலை நாளுக்குள் மதிப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 120 வெள்ளி, திரும்பக் கிடைக்காது. ஆப்ஷன் படிவத்தின் முதல் பக்கத்தையும் இணைக்க வேண்டும். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டுகிறவருக்கு இந்த வேலையே இல்லை; அப்படிப்பட்டவரை நம் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நேரில் பார்க்கத் தேவையில்லை என்றால் சுமார் 5 வேலை நாளில் மதிப்பு தெரிந்துவிடும். பார்க்க வேண்டும் என்றால் சுமார் 10 வேலை நாள். ஆப்ஷனின் ஆயுளோ 21 நாள். அது சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்த 21. சிக்கல் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான். சீனப் புத்தாண்டை ஒட்டி ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள்: வேலை நாள்கள் நின்றுவிடும், ஆப்ஷன் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மதிப்பு கைக்கு வரும்போது, யோசித்து முடிவெடுக்க வாங்குபவருக்குச் சில நாள்தான் மிச்சம். விடுமுறைகளைப் பார்த்து ஆப்ஷன் தேதியைக் குறிக்க ஒரு காசு செலவில்லை. நல்ல நாள், ராகு காலம் பார்க்கிற நாம் இந்த நாள்காட்டியையும் ஒரு முறை புரட்டலாம்.

யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? விலை 600,000 வெள்ளி என்று பேசி முடித்தாயிற்று, மதிப்பு 580,000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியான 20,000 வெள்ளியை வாங்குபவர் ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். மசேநியும் உதவாது, கடனும் உதவாது. வீவக கடனுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து 75 விழுக்காடு உச்சவரம்பு. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கணக்கு. இங்கே 435,000க்கு மேல் கிடைக்காது. இதைப் பார்த்ததும் பின்வாங்குகிறவர் ஆப்ஷன் கட்டணத்தை, அதாவது அதிகபட்சம் 1,000 வெள்ளியை, விட்டுவிட்டுப் போய்விடுவார். விற்பவருக்கு மூன்று வாரம் வீண்.

முன்பெல்லாம் விற்பவர் மதிப்பை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, 'அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் தருவாய்' என்று பேரம் பேசுவார். 2014 மார்ச் 10 முதல் அந்த வழி அடைபட்டது. முதலில் விலை, பிறகுதான் மதிப்பு. எனவே மதிப்பீடு இடறாமல் நடக்க வேண்டுமானால் விலை சொல்லும்போதே கவனம் வேண்டும். உங்கள் புளோக்கிலும் பக்கத்து புளோக்குகளிலும் அண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது வீவக இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த்தில் ஜோகூருக்கு ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறது என்பது பேரத்துக்கு நல்ல பேச்சு. மதிப்பீடோ நடந்து முடிந்த விற்பனைகளைப் பார்க்கும். காப்பிக்கடைப் பேச்சைப் பார்க்காது.

புதுப்பிப்புச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60,000 வெள்ளி போட்டு வீட்டை மாற்றியவருக்கு மதிப்பும் 60,000 ஏறும் என்ற நம்பிக்கை. சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் பழைய நகையை மாற்றியவருக்குத் தெரியும்: தராசு தங்கத்தைத்தான் எடைபோடும், கொடுத்த செய்கூலி திரும்பி வராது. வீட்டில் தங்கம் என்பது இடம், பரப்பு, மாடி, மிச்சமிருக்கும் குத்தகை ஆண்டுகள்.

ஆள் வந்தால்? எக்ஸிகியூட்டிவ் மேசனட், இரண்டு வீட்டைச் சேர்த்துக் கட்டிய ஜம்போ என்று, ஒப்பிட அண்மை விற்பனை அதிகம் இல்லாத வீடு உங்களுடையதானால், வருவார் என்று நினைத்தே தயாராக இருப்பது நல்லது. நேரம் கேட்டு மதிப்பீட்டாளர் விற்பவரைத் தொடர்புகொள்வார். தெரியாத எண் என்றாலே மோசடி என்று துண்டிக்கும் காலம் இது. வீட்டுப் பெரியவரின் எண்ணைக் கொடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வந்தவருக்குத் தனியாகப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா அறையும் திறந்திருக்க வேண்டும். ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அங்கே குடியிருப்பவர் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். சுவரை இடித்திருந்தால் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளர் கேட்காவிட்டாலும், விற்பனை விண்ணப்பத்துக்குப் பின் வீவக வீட்டைச் சோதிக்கும்போது அது வேண்டியிருக்கும்.

மதிப்பீட்டாளரின் எண்ணே கடைசி வார்த்தையாக இருந்த கதையும் உட்லண்ட்சில் உண்டு. சோதனைச்சாவடி விரிவாக்கத்துக்காக மார்சிலிங் கிரெசன்ட், மார்சிலிங் லேன் பகுதியில் 732 வீடுகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2022 மே 26 அன்று அறிவிக்கப்பட்டது. அங்கே பேரமும் இல்லை, ஆப்ஷனும் இல்லை. வீவக நியமித்த தனியார் மதிப்பீட்டாளர்கள் சந்தை மதிப்பைக் கணித்தார்கள். அதுவே இழப்பீட்டுக்கு அடிப்படை. எந்த நாளின் சந்தை என்றால், அறிவிப்பு வந்த அன்றைய சந்தை. அதற்குப் பிறகு விலை எங்கே போனாலும் அந்த வீடுகளின் கணக்கு மே 26இலேயே நின்றது.