விண்வெளியில ஸ்பீட் லிமிட் வெச்சது யாரு?

இந்த எபிசோடுக்குக் காரணம் சிதம்பரத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வி. காலேஜ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்பேஸ் கேம் பண்றாங்க. கப்பலுக்கு டாப் ஸ்பீட் வெச்சதும் டீமுக்குள்ள சண்டை. “விண்வெளியில ஏதுடா ஸ்பீட் லிமிட்? இது சயின்ஸே இல்லை”ன்னு ஒருத்தர் கோடிங்கையே நிறுத்திட்டாராம். யார் பக்கம் நியாயம்?

சயின்ஸ்படி, நிறுத்தினவர் பக்கம்தான். பிச்சாவரத்துல துடுப்புப் போடுறதை நிறுத்தினா, படகு கொஞ்ச தூரத்துல நின்னுடும். தண்ணி இழுத்துப் பிடிச்சிடும். விண்வெளியில அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை. இன்ஜினை அணைச்சாலும் கப்பல் அதே வேகத்துல போகும். மறுபடி போட்டா இன்னும் கூடும். ஒளியின் வேகம்தான் கடைசி எல்லை.

ஆனா ‘ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்’ கேம்ல கப்பலோட டாப் ஸ்பீட் செகண்டுக்கு 100 மீட்டர்தான். அந்த வேகத்துல கடலூர்ல இருந்து சிதம்பரம், அதாவது சுமார் 45 கிலோமீட்டர் போக, ஏழரை நிமிஷம் ஆகும். நிஜத்துல பூமியைச் சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அந்தத் தூரம் ஆறு செகண்ட்!

ஏன் இவ்வளவு கம்மி? முதல் காரணம் கம்ப்யூட்டர். கேம் செகண்டுக்கு 60 முறை கணக்குப் போடுதுன்னு வெச்சுக்கோங்க. விண்வெளி நிலையத்தோட வேகத்துல போற கப்பல், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல 125 மீட்டருக்கு மேல தாண்டிடும். நடுவுல சுவர் இருந்தா, மோதினதே கேமுக்குத் தெரியாது.

ரெண்டாவது காரணம் சண்டை. 1993-ல வந்த ‘ஃப்ரன்டியர்: எலைட் 2’ நியூட்டன் விதியை அப்படியே வெச்சுது. எதிரி சர்ருன்னு கடந்து போயிடுவான். திரும்பி அவனைப் பிடிக்கிறதே பெரும்பாடு. அதே வரிசையில 2014-ல வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’, ஒவ்வொரு கப்பலுக்கும் டாப் ஸ்பீட் வெச்சிடுச்சு.

சரி, இதை விளையாடுறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? “எங்க கம்ப்யூட்டர் தாங்காது”ன்னு சொன்னா மூடு போயிடும். அதனால கேம் உலகத்துக்குள்ளயே ஒரு காரணம் வேணும். மூணு வழி சொல்றேன்.

ஒண்ணு, சட்டம். ஸ்டேஷன் பக்கத்துல வேகமாப் போனா ஃபைன். சுலபம்தான், ஆனா யாரும் இல்லாத இடத்துல இந்தக் காரணம் நிக்காது.

ரெண்டு, தூசி. செகண்டுக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஒரு கிராம் தூசி மோதினா, ஆளோட சேர்த்து 200 கிலோ இருக்கிற பைக் 80 கிலோமீட்டர் வேகத்துல வந்து இடிக்கிற சக்தி அதுக்கு இருக்கும். கப்பலோட கவசம் அதைத் தாங்காதுன்னா, மெதுவாத்தான் போகணும்.

மூணு, பிரேக். இது நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச கதை. பக்கத்து விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல நிலாவுல இறங்கினப்போ, செகண்டுக்கு சுமார் 1.68 கிலோமீட்டர் வேகத்தை இன்ஜின் எரிச்சேதான் குறைச்சுது. அதுக்கே 19 நிமிஷம் ஆச்சு. வேகம் ஏத்த ஒரு பங்கு எரிபொருள்னா, இறக்கவும் எரிபொருள் வேணும். “நிறுத்த முடியாத வேகத்துக்குக் கம்ப்யூட்டர் விடாது”ன்னு சொன்னா யாரும் நம்புவாங்க.

எந்தக் காரணம் வெச்சாலும் ஒரே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க: இது உண்மைன்னா, கேம்ல வேற என்னெல்லாம் மாறணும்? தூசிதான் காரணம்னா, விண்கல் கூட்டத்துக்குள்ள லிமிட் குறையணும், சுத்தமான இடத்துல கூடணும், நல்ல கவசம் வாங்கினா இன்னும் கூடணும். ‘எலைட் டேஞ்சரஸ்’ல நெடுந்தூரம் போறதுக்கான சூப்பர்குரூஸ் இப்படித்தான்: கிரகம், நட்சத்திரம் பக்கத்துல ஈர்ப்பு அதிகம், அதனால வேகம் தானாக் குறையும். அங்க லிமிட்டே விளையாட்டோட ஒரு பகுதி ஆயிடுது.

அதனால சிதம்பரம் டீமுக்கு நம்ம தீர்ப்பு: ஸ்பீட் லிமிட் இருக்கட்டும். கோடிங்கை நிறுத்தின நண்பரையும் திரும்பக் கூப்பிடுங்க. “சயின்ஸ் இல்லை”ன்னு கண்டுபிடிச்சவர்தான் நம்புற மாதிரி ஒரு காரணத்தையும் யோசிக்கச் சரியான ஆள். கேம் ரெடியானதும் எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!