வீதிப் பாதுகாப்பும் உள்ளூர்க் குழுக்களும் – வன்னிப் பிரதேசத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு விளக்கம்

குடியுரிமைக் கல்வியில் உள்ளூராட்சி பற்றிய அலகைப் படிக்கும் மாணவர் பலர் பிரதேச சபையின் பணிகளை மனனஞ் செய்து எழுதிவிடுவர். ஆயினும் "உமது கிராமத்துச் சந்தியில் அடிக்கடி விபத்துகள் நிகழ்கின்றன. அவற்றைக் குறைப்பதற்கு உள்ளூர்க் குழு ஒன்று மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகளை விளக்குக" என்று வினவப்படும்போது தடுமாறுவர். "பொலிஸாருக்கு அறிவிக்கலாம், பதாகை கட்டலாம்" என்ற இரண்டு வரிகளுடன் விடை முடிந்துவிடும். இவ்விரண்டும் பிழையான விடைகள் அல்ல. எனினும் ஒரு குழு உண்மையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவை காட்டுவதில்லை.

வீதிப் பாதுகாப்புக் குழு என்பது ஒரு பிரதேசத்தில் வசிப்பவர்களும் அங்கு கடமையாற்றும் உத்தியோகத்தர்களும் ஒன்றுசேர்ந்து, தமது வீதிகளில் நிகழும் விபத்துகளைக் குறைப்பதற்காகச் செயற்படும் அமைப்பாகும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு, முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் கிராம அலுவலரும் பொலிஸ் நிலையப் போக்குவரத்துப் பிரிவினரும் இதில் இடம்பெறலாம். சில இடங்களில் பொலிஸாருடன் சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுவே இப்பணியையும் ஏற்றுக்கொள்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமும், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில், இத்தகைய குழுவுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை என்பதாகும். அதனால் எவருக்கும் தண்டப்பணம் விதிக்க முடியாது. வீதியின் குறுக்கே வேகத்தடை அமைக்கவும் முடியாது. விபத்து நடந்த கோபத்தில் ஊரவர்கள் தாமே கல்லையும் மண்ணையும் குவித்து மேடு கட்டுவதுண்டு. வெளிச்சமில்லாத இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அதுவே அடுத்த விபத்தாகிவிடும். அவ்வாறாயின் குழுவின் பலம் எது? எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் ஆபத்து உண்டாகின்றது என்ற அறிவும், அதனை எந்தக் கதவைத் தட்டித் தெரிவிப்பது என்ற அறிவுமே அதன் பலமாகும்.

இது யாருடைய வீதி?

எந்தக் குழுவும் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே. வீதிகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் பொறுப்பாளிகள் வேறுவேறானவர்கள். ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் கீழுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதி, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதி, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 வீதி என்பன இவ்வகையின. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. கிராமங்களுக்குள் செல்லும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, வவுனியா வடக்கு போன்ற பிரதேச சபைகளைச் சார்ந்தவை.

ஏ35 வீதியில் பாதசாரிக் கடவை கேட்டுப் பிரதேச சபைக்கு மனுக் கொடுத்தால், "இது எமது அதிகாரத்திற்கு உட்பட்டதல்ல" என்ற பதிலே வரும். அப்பதிலைப் பெறுவதற்குள் மாதங்கள் பல கடந்துவிடும். அம்மாதங்களிலும் பிள்ளைகள் அதே இடத்தில் வீதியைக் கடந்துகொண்டுதான் இருப்பர்.

இன்னொரு விடயமும் உண்டு. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும், உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சிலும் முடிவடைந்தன. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்திலேயே நடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் பிரதேச சபைகளில் தவிசாளரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை, செயலாளர்களே நிருவகித்தனர். மக்கள் பிரதிநிதி இல்லாத வேளையிலும் அலுவலகம் இயங்கும் என்பதையும், மனுவைச் செயலாளரிடம் கையளிக்கலாம் என்பதையும் அறிந்திருப்பதும் குடியுரிமைக் கல்வியின் ஒரு பகுதியேயாகும்.

வன்னியில் ஆபத்து எங்கிருந்து வருகின்றது?

போர்க்காலத்தில் வன்னியின் வீதிகள் சிதைந்து கிடந்தன. அக்காலத்தில் குழிகளே வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தின எனலாம். போர் 2009 இல் முடிவடைந்த பின்னர் ஏ9 வீதி சீனாவின் கடனுதவியுடன் புனரமைக்கப்பட்டது. வீதி சீராகியது; வேகமும் கூடியது. ஆனால் வீதியோரத்து வாழ்க்கை பழையபடியே இருந்தது. சைக்கிளில் பாடசாலை செல்லும் பிள்ளைகள், பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர், சந்தைக்கு நடந்து போகும் முதியோர், தென்பகுதியிலிருந்து இரவிரவாக வரும் சொகுசு பஸ்கள், மணல் ஏற்றிய டிப்பர்கள் ஆகிய யாவும் ஒரே தாரின் மேல் செல்கின்றன. முறிகண்டியை எடுத்துக்கொள்வோம். அங்கு பிள்ளையாரை வணங்காமல் செல்லும் சாரதிகள் குறைவு; கச்சான் வாங்காமல் செல்லும் பயணிகளும் குறைவு. வாகனங்கள் திடீரென ஓரங்கட்டுவதும், மக்கள் இறங்கி நடமாடுவதும், நிற்காத வாகனங்கள் அவர்களைக் கடந்து விரைவதும் அங்கு நாளாந்தக் காட்சிகளாகும்.

நகர்ப்புறங்களிலும் குடியிருப்புச் செறிந்த பகுதிகளிலும் மணிக்கு 50 கிலோமீற்றரும், ஏனைய இடங்களில் கார், பஸ், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு 70 கிலோமீற்றரும் வேக எல்லைகளாகும். முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றரே. இவ்வெல்லைகளின் பொருளை விஞ்ஞான பாடத்தில் கற்ற இயக்கசக்திச் சமன்பாட்டினால் விளங்கிக்கொள்ளலாம். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாகும். எனவே வேகம் 50 இலிருந்து 70 ஆகும்போது சக்தி ஏறத்தாழ இரு மடங்காகின்றது. தடுப்பை அழுத்தியபின் வாகனம் நிற்பதற்கு வேண்டிய தூரமும் அவ்வாறே இரட்டிக்கின்றது. மேலும், 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சாரதி ஆபத்தைக் கண்டு தடுப்பை அழுத்த எடுக்கும் ஒரு செக்கனிலேயே வாகனம் 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடும்.

புகையிரதக் கடவைகள் வன்னிக்கே உரிய ஒரு பிரச்சினையைக் கொண்டுள்ளன. வடபகுதிக்கான புகையிரத சேவை 1990 இல் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் அகற்றப்பட்டன. கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதியாகும். 2014 மார்ச்சில் பளையையும், ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்தையும் அது அடைந்தது. ஆகவே ஏறத்தாழ 23 வருடங்கள் கிளிநொச்சியில் புகையிரதம் ஓடவில்லை. புகையிரதத்தைக் காணாமலே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் அங்கு இருந்தனர். கடவையில் நின்று இருபுறமும் பார்த்துச் செல்லும் பழக்கம் தாய் தந்தையரைப் பார்த்து வருவது. இங்கு அது ஒரு தலைமுறைக்கு அறுந்துபோயிருந்தது. புதிய பாதையில் புகையிரதம் முன்னரைவிட வேகமாகவும் வந்தது. பாதை ஏ9 வீதிக்கு அண்மையாகவே பல இடங்களில் செல்வதால், வீதியிலிருந்து கிராமத்துக்குத் திரும்புபவர் சில மீற்றர் தூரத்துக்குள் தண்டவாளத்தை எதிர்கொள்ள நேரிடுகின்றது.

பல கடவைகளில் தன்னியக்கத் தடைகள் இருக்கவில்லை. பொலிஸார் ஊடாகச் சேர்க்கப்பட்ட கடவைக் காவலர்கள் மிகச் சொற்பமான நாட்கூலிக்குக் கடமையாற்றினர். அவர்கள் நிரந்தர நியமனமும் நியாயமான சம்பளமும் கோரிப் பலமுறை போராடினர். அவ்வாறு அவர்கள் பணியிலிருந்து விலகி நிற்கும் நாட்களில் கடவை காவலின்றி இருக்கும். காவலரின் சம்பளப் பிரச்சினையும் வீதிப் பாதுகாப்புப் பிரச்சினையே என்பதைக் குழு உணர வேண்டும். இதனைத் தொழிலாளர் விவகாரம் என்று ஒதுக்கிவிடுதல் தவறாகும்.

தடை இருந்தாலே போதும் என்றும் கொள்ளலாகாது. 2005 ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரக் கடவையில், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது கடக்க முயன்ற பஸ் புகையிரதத்துடன் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மாடும் நெல்லும்

கட்டாக்காலி மாடுகளால் நிகழும் இரவு விபத்துகளை வன்னி மாணவர் எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இவற்றைப் பிடித்துக் கட்டவும் உரிமையாளரிடம் தண்டம் அறவிடவும் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் மாடு ஏன் வீதிக்கு வருகின்றது என்று குழு கேட்க வேண்டும். காலபோகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளுக்கு அங்கு இடமில்லை. மேய்ச்சல் தரைகளோ போதாமல் உள்ளன. அதே காலத்தில் மாரி மழையும் பெய்து நிலம் ஈரமாக இருப்பதால், காய்ந்து சூடேறியிருக்கும் தார் வீதியிலே மாடுகள் வந்து படுக்கின்றன. தண்டம் அறவிடுவதால் மட்டும் இது தீராது. மேய்ச்சல் தரை ஒதுக்கும்படி பிரதேச செயலாளரிடம் கோருவது நீண்டகால வழியாகும். இரவில் மாடுகளைப் பட்டியில் அடைப்பதும், கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டுவதும் உடனடி வழிகளாகும்.

அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் உலர்த்துவதும் இத்தன்மையதே. நெல்லைக் காப்பதற்காக ஓரத்தில் வைக்கப்படும் கற்களும் மரக்கட்டைகளும் வாகனங்களை நடுவீதிக்குத் தள்ளுகின்றன. உலர்த்தும் தளமில்லாத விவசாயியிடம் "அள்ளு" என்று மட்டும் சொல்லும் குழு அடுத்த போகத்தில் மதிப்பிழந்துவிடும்.

குழு வேலை செய்யும் முறை

முதலாவது படி ஒரு சாதாரண கொப்பியாகும். விபத்து நிகழ்ந்த இடம், நாள், நேரம், வாகனங்களின் வகை, வெளிச்சம், மழை, காயத்தின் அளவு என்பவற்றை அதில் பதிய வேண்டும். சம்பந்தப்பட்டோரின் பெயர்கள் தேவையில்லை. குற்றவாளியைத் தேடுவது பொலிஸாரின் கடமை. தப்பிப் போன விபத்துகளையும் எழுதுவது நல்லது. ஏனெனில் பத்து முறை மயிரிழையில் தப்பிய இடத்தில் பதினோராவது முறை தப்புமென்பது நிச்சயமில்லை. பொலிஸ் நிலையத்திலுள்ள எண்ணிக்கைகளைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். அதன்படி தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

இவ்வாறு பதிந்த ஒரு வருடத்தில் சில இடங்கள் தாமாகவே மேலெழுந்து நிற்கும். பின்னர் உரிய நிறுவனத்தின் பொறியியலாளரை அவ்விடத்துக்கே அழைத்துக் காட்ட வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் அழைத்தால் பாதி விளக்கம் தேவைப்படாது. கடிதத்தில் "வீதியைப் பாதுகாப்பாக்கித் தருக" என்று எழுதாமல், "பாடசாலை வாயிலுக்கு முன்னால் பாதசாரிக் கடவையும் இருபுறமும் எச்சரிக்கைப் பலகையும்" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பதில் வராவிடின் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், அதன்பின் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் விடயத்தைக் கொண்டுசெல்லலாம். டிப்பர்களின் வேகம் பற்றிய முறைப்பாடு பொலிஸாருக்குரியது. மணலின் அனுமதிப்பத்திரம் பற்றியதெனில் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்குரியது.

விபத்து நடந்தபின் செய்ய வேண்டியதையும் குழு பழக்க வேண்டும். 1990 இலக்க இலவச அம்பியூலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. முள்ளந்தண்டு காயப்பட்டவரை முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுவதால் வரும் தீங்கை ஊரவர் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு தரும் உதாரணம்

உள்ளூர் மட்டத்தில் குழு அமைத்தால் உண்மையில் விபத்து குறையுமா என்று நீங்கள் கேட்கலாம். அயலிலுள்ள தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மாவட்ட வீதிப் பாதுகாப்புக் குழுக்கள் இயங்குகின்றன. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 215 ஆம் பிரிவு அவற்றுக்கு இடமளிக்கின்றது. விபத்துகள் திரும்பத் திரும்ப நிகழும் இடங்களைக் கண்டறிந்து திருத்தியமை, அம்பியூலன்ஸ் சேவையை வலுப்படுத்தியமை, சட்டத்தை இறுக்கமாக அமுல்செய்தமை ஆகியவற்றின் காரணமாக, 2016 இல் 17,218 ஆக இருந்த வீதி விபத்து மரணங்கள் 2019 இல் 10,525 ஆகக் குறைந்தன. ஆனால் 2022 இல் அத்தொகை மீண்டும் 17,000 ஐத் தாண்டியது. விடை எழுதும்போது இவ்விரு பக்கங்களையும் காட்டுக. முதலாவது எண்ணிக்கையை மட்டும் எழுதினால் பாதி உண்மையே எழுதப்பட்டதாகும்.

பயிற்சி

ஏ9 வீதியிலிருந்து பிரியும் பிரதேச சபை வீதி ஒன்று 40 மீற்றர் தூரத்தில் புகையிரதப் பாதையைக் கடக்கின்றது. கடவைக்கு அருகிலுள்ள பற்றைகள் பார்வையை மறைக்கின்றன. காவலர் பகலில் மட்டுமே கடமையாற்றுகின்றார். ஏ9 வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லை. குழுவின் செயலாளர் என்ற வகையில் நீர் எந்தெந்த நிறுவனங்களுக்கு என்ன கேட்டு எழுதுவீர்?

குறிப்பு: காவலர், தடை என்பன புகையிரதத் திணைக்களத்தைச் சார்ந்தவை. எச்சரிக்கைப் பலகையை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டும். பற்றைகள் எந்த நிலத்தில் நிற்கின்றன என்பதை முதலில் பார்க்கவும். அவற்றை வெட்ட வேண்டியவர் பிரதேச சபையா, புகையிரதத் திணைக்களமா என்பது அதனைப் பொறுத்தது. கடிதம் எழுதி முடியும்வரை காத்திராமல், நிலத்துக்குரியவரின் அனுமதியுடன் ஒரு சனிக்கிழமைச் சிரமதானத்தில் குழுவே செய்து முடிக்கக்கூடிய வேலையும் இந்நான்கில் ஒன்று உண்டு.